கப்பல் கிளம்பும் நாளில் துவைப்பதில்லை

சோஹோ, லண்டன்
பிப்ரவரி 18, 1957

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு படி. நான் வானொலியில் பாடப்போகிறேன். மார்ச் பதினாறு, சனிக்கிழமை மாலை, நாடு முழுக்கக் கேட்கிற நிகழ்ச்சி. பதிவு செய்து வெட்டி ஒட்டுகிற வேலையெல்லாம் இல்லை. நான் இங்கே இருமினால் நீ ஹல்லில் கேட்பாய்.

போன வாரம் ஒரு பத்திரிகை என்னை 'ஸ்கிஃபிள் இசையின் தந்தை' என்று எழுதியிருக்கிறது. இருபத்துநாலு வயது, இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் தந்தை ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளோ ஊரெல்லாம் பெருகிவிட்டார்கள். எந்தத் தெருவில் போனாலும் நாலு பையன்கள் ஒரு கிதார், வரி வரியான தகரம் பதித்த ஒரு துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கட்டையை நட்டு ஒற்றைக் கயிறு கட்டிய பாஸ் வாத்தியம், இவற்றோடு நிற்கிறார்கள். இரும்புக் கடைகளில் துவைக்கும் பலகை கிடைப்பதில்லை. வீட்டுப் பலகையைப் பையன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று தாய்மார்கள் என்னைத் திட்டிக் கடிதம் போடுகிறார்கள்.

இதெல்லாம் நம் கொல்லைப்புறத் துவைக்கும் அறையில் தொடங்கியது என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. அமெரிக்கா போய்க் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. அம்மாவின் பலகையை நீ மடியில் வைத்து, பத்து விரலிலும் தையலுக்குப் போடுகிற விரல் தொப்பியை மாட்டிக்கொண்டு தேய்த்தாயே, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நான் இன்னும் ஹல் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சியை நடத்துகிறவர் பெல்லமி என்று ஒருவர். ஹல் சந்தைக் கடையில் நாம் இரண்டு பேரும் பதிவு செய்த அந்தப் பழைய இசைத்தட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "பாடறது யாருங்கறதைப் பத்தி எனக்குக் கவலையில்ல. அந்தப் பலகையைத் தேய்க்கறது யாரு?" என்றார். பாடியவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்! எங்கள் அக்கா என்றேன். "அவங்க வந்தா நிகழ்ச்சி உங்களுக்கு. இல்லேன்னா வேற குழு காத்திட்டிருக்கு" என்றார்.

இங்கே பலகை வாசிக்கிறவன் மீன் செதில் சுரண்டுகிற மாதிரி சுரண்டுகிறான். கேட்டால் பலகை சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ வா, அக்கா. உன்னை நம்பித்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி
நெவில்


ஹெஸல் ரோடு, ஹல்
பிப்ரவரி 22

அன்புள்ள நெவில்,

முதல் வரியில் 'அக்கா' என்று பார்த்ததுமே ஏதோ காரியம் என்று தெரிந்துவிட்டது. மற்ற நாளில் நான் வெறும் மேவிஸ்தான்.

இருந்தாலும் படித்து முடித்ததும் சமையலறையில் தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன். வலை பின்னும் கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். டோரீன், "வானொலியிலயா? அப்போ இனிமே உன்கூடப் பேசறதுக்குத் தபால்தலை ஒட்டணுமா?" என்றாள். பெல்லமி கேட்டதை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார்கள். நானும் கூச்சமில்லாமல் மூன்று தடவை படித்தேன். நாள் முழுக்கச் சணல் கயிறு முடிந்து முடிந்து காய்த்துப்போன கை. அதைக் கேட்டு லண்டனில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார் என்றால் சந்தோஷமாக இருக்காதா?

ஆனால் தேதி சரியில்லை. உன் அத்தான் கிளிஃபோர்டின் கப்பல் பதின்மூன்றாம் தேதி வாக்கில் கரைக்கு வருகிறது. மூன்று நாள் வீட்டில். மறுபடி பதினாறு காலைக் கடல் ஏற்றத்தில் ஐஸ்லாந்துக்குக் கிளம்புகிறார். அன்று நான் பலகையைத் தொட முடியாது. வேறு எந்தச் சனிக்கிழமையானாலும் ஓடி வருகிறேன். பெல்லமியிடம் கேட்டு எழுது.

ஒழுங்காகச் சாப்பிடு. பத்திரிகைப் படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது.

மேவிஸ்


லண்டன்
பிப்ரவரி 26

மேவிஸ்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு நீ விளையாடவில்லை என்று புரிந்ததும் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

வேறு சனிக்கிழமை கிடையாது. கேட்டுவிட்டேன். அந்த இடத்துக்குத் தவம் கிடக்கிறவர்கள் தெருக்கோடி வரை நிற்கிறார்கள்.

மாலுமி கிளம்பும் நாளில் வீட்டில் துணி துவைத்தால் கடல் அவனை அலசிக்கொண்டு போய்விடும். சரி, நானும் ஹெஸல் ரோட்டில் பிறந்தவன்தான், கேட்டிருக்கிறேன். ஆனால் இது துவைப்பதா? தண்ணீர் உண்டா? சோப்பு உண்டா? துணிதான் உண்டா? அது வாத்தியம், மேவிஸ்! அதுவும் வீட்டில் கூட இல்லை, லண்டனில், கம்பளம் விரித்த அறையில். வானத்தில் விமானம் பறக்கிற காலத்தில், நாடு முழுக்கக் கேட்கப்போகிற ஒரு வாய்ப்பை, தகரப் பலகைக்குப் பயந்து விடப்போகிறாயா?

இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிடுகிறேன். அப்பா கடைசியாகக் கிளம்பிய அன்று அம்மா துவைத்தாளா? இல்லை. அப்பா திரும்பி வந்தாரா? இல்லை. அப்புறம் அந்த வழக்கம் நமக்கு என்ன செய்து கிழித்தது?

நீ வராவிட்டால் எனக்கு நிகழ்ச்சி இல்லை. முடிவு உன் கையில்.

நெவில்


ஹல்
மார்ச் 2

நெவில்,

உன் கடிதத்தை மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் உன் காது கிழிந்திருக்கும்.

நீ சொன்னது உண்மை. அம்மா அன்று ஒரு கைக்குட்டை கூட நனைக்கவில்லை. அப்பா வரவில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது, டோரீன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குப் பத்து வயது. நடந்ததைச் சொல்கிறேன்.

கப்பல் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்த சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரும் நம் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். யாரும் அழவில்லை, தேநீர் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போது ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஈடித், நீ அன்னைக்கு எதுவும் துவைக்கலையே?" அம்மா வாயைத் திறக்குமுன் அடுத்த வீட்டு ஆக்னஸ் ஸ்டாதர்ஸ் எழுந்து நின்றாள். "அவ துவைக்கல. என் ஜன்னல்ல இருந்து அவ கொடியை நாள் பூரா பார்த்தேன். காலியா கிடந்துது. இனிமே யாராவது இதைக் கேட்டீங்க, என்கிட்ட வாங்க" என்றாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பதினைந்து வருஷம் வாழ்ந்தாள். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்திருப்பாள், எதை எதையோ நினைத்து அழுதிருப்பாள். ஆனால் 'என்னால்தான்' என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வழக்கம் என்ன செய்தது என்று கேட்டாயே, இதைத்தான் செய்தது.

நான் பலகையைத் தேய்க்காவிட்டால் கடல் கிளிஃபோர்டை விட்டுவிடுமா? விடாது. கடலுக்குக் காது கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அன்று நான் பலகையைத் தேய்த்ததை நாடே கேட்டிருக்கும். எனக்காக எழுந்து நிற்க ஒரு ஆக்னஸும் இருக்க மாட்டாள். ஊரைக் கூட விடு. நானே எனக்காக எழுந்து நிற்க முடியாது.

உன் நிகழ்ச்சியைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. அதற்கு நிஜமாகவே வருத்தப்படுகிறேன். துவைக்கும் அறையில் நீ முதல் முதலாகக் குரலெடுத்துப் பாடியபோது உன் பக்கத்தில் இருந்தவள் நான்தான். நீ பெரிய ஆளாக வேண்டும் என்று உன்னைவிட நான் ஆசைப்பட்டிருக்கிறேன். இருந்தாலும் முடியாது.

மேவிஸ்


லண்டன்
மார்ச் 8

அன்புள்ள மேவிஸ்,

ஆக்னஸ் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதே உன் கடிதத்தில்தான் தெரிந்தது. நான் பேசியது தப்பு. கோபத்தில் வந்தது என்று சொல்லமாட்டேன், நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். அதனால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பெல்லமியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் அக்கா வரமாட்டாள், காரணம் இது, நிகழ்ச்சியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு வேண்டியது பலகை இல்ல, அந்தக் கை. கை வேற எதையாவது தட்டினா கடலுக்குச் சம்மதமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கடல் விஷயத்தில் எது ஆகும், எது ஆகாது என்று நான் சொல்லி நீ கேட்க வேண்டாம். கூடத்தில் கேள். அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான். ஆகாது என்றால் ஆகாதுதான், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன்.

நெவில்


ஹல்
மார்ச் 11

அன்புள்ள நெவில்,

கூடத்தில் இன்று வேலை பாதிதான் நடந்தது. உன் வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. ஆக்னஸ்தான் நீதிபதி. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

முதலில் டோரீன் உனக்காக வாதாடினாள். "தண்ணி இல்லாம தேய்ச்சா அது எப்படித் துவைக்கறதாகும்?" ஆக்னஸ் சொன்னாள்: "தண்ணி இருக்கா இல்லையான்னு பலகைக்கு என்ன தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது தேய்க்கறது மட்டும்தான்." பலகை தள்ளுபடி.

கரண்டி ஆகுமா? ஆகும். ஆனால் கரண்டிச் சத்தம் எனக்குப் பிடிக்காது, சூப் குடிக்கிற மாதிரி இருக்கும். பிறகு யாரோ சீஸ் துருவி என்றார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் டோரீன் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். பழைய தகரத் துருவி, நாலு பக்கமும் நாலு விதப் பல். விரல் தொப்பி மாட்டித் தேய்த்துப் பார்த்தேன். நெவில், பலகையைவிடச் சன்னமாக, மழை பிடிக்கப்போகிறபோது கூரையில் விழுமே முதல் தூறல், அப்படி ஒரு சத்தம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"துருவியில யாராவது சட்டை துவைச்சிருக்கீங்களா?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

"என் மாமியார் துவைச்சாலும் துவைப்பா" என்றாள் டோரீன்.

"உன் மாமியார் கணக்குல இல்ல. துருவி ஆகும்" என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் அதோடு விடவில்லை. தேயிலைப் பெட்டியில் உன் குழுவின் பெர்சி நட்டு வைத்திருக்கிறானே துடைப்பக் கட்டை, அது ஆகாதாம். ஆண் வாசலைத் தாண்டிய அன்று கூட்டினால் அவனையே கூட்டித் தள்ளுகிற மாதிரி. பெர்சி வேறு ஏதாவது கம்பு தேடிக்கொள்ளட்டும். யாரும் பச்சை நிறத்தில் எதுவும் போடக்கூடாது. மூன்றாவது பாட்டில் சேற்றில் புரளும் வால் சுருண்ட பிராணி ஒன்று வருகிறதே, கடலுக்குப் போகிற வீட்டில் ஆகாத பெயர், நான் எழுதக்கூட மாட்டேன், அந்த வரியை மாற்று.

இதற்கெல்லாம் நீ சரி என்றால் நான் வருகிறேன். அவரைக் காலையில் அனுப்பிவிட்டு முதல் ரயிலைப் பிடிக்கிறேன். லண்டன் போகிறேன் என்று அவர் வந்ததும் சொல்வேன். வேறு எதுவும் சொல்லமாட்டேன், கேட்கவும் மாட்டார். கிளம்பும் சமயத்தில் எங்கள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

மேவிஸ்

பின்குறிப்பு: டோரீன் தன் துருவியைத் திரும்பக் கேட்பாள். அதை எந்த அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துவிடாதே.


லண்டன்
மார்ச் 27

அன்புள்ள மேவிஸ்,

நீ ஒலிபரப்பு முடிந்ததும் கோட்டைக் கூடச் சரியாக மாட்டாமல் ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடப்பதைக் கேள்.

கடைகளில் சீஸ் துருவி இல்லை. ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. பர்மிங்ஹாமில் ஒரு பையன் விரல் தொப்பி இல்லாமல் தேய்த்து, விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு எனக்குப் படம் அனுப்பியிருக்கிறான், ஏதோ போரில் பட்ட காயம் மாதிரி பெருமையாக. பெர்சி துடைப்பக் கட்டைக்குப் பதில் பில்லியர்ட்ஸ் கோலை நட்டான் அல்லவா? இப்போது ஊர் ஊராக விளையாட்டுக் கூடங்களில் கோலைக் காணோமாம்.

இதில் மகுடம் வைத்தது ஒரு விமர்சகர். துருவியும் கோலும் மிசிசிப்பி ஆற்றங்கரையின் ஆதி மரபு என்றும், அதை முதல் முதலாக இங்கே கொண்டுவந்த முன்னோடி நான் என்றும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆக்னஸ் ஸ்டாதர்ஸ் மிசிசிப்பியில் எந்தத் தெரு என்று கேட்டு எழுதலாமா என்று பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கூடத்தில் படித்துக் காட்டு.

கிளாஸ்கோவிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். இதுவரை பெண்கள் எதிரில் நின்று கைதட்டத்தான் வேண்டும் என்று நினைத்தாளாம். அறிவிப்பாளர் 'மேவிஸ் டன்' என்று சொன்னதைக் கேட்டதும் தோழிகளைச் சேர்த்து ஒரு குழு தொடங்கிவிட்டாளாம். கடிதம் என் முகவரிக்கு வந்தாலும் உனக்குத்தான். என்னைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. முன்னோடி யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தானிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா? வடக்கே புயல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் அந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டேன்.

நெவில்


ஹல்
ஏப்ரல் 7

அன்புள்ள நெவில்,

வந்துவிட்டார். நேற்று மதியம் வந்தார். தாடியும் மீன் வாடையுமாக, உடம்பு நன்றாக இருக்கிறது. புயல் அடித்ததாம், ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் நம் நிகழ்ச்சியைப் பற்றித்தான்.

அன்று சாயங்காலம் கப்பலில் சாப்பாட்டு நேரம். சமையற்காரர் வானொலியைத் திருப்பியிருக்கிறார். உன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் ஆரவாரம், நம்ம ஊர் பையன் என்று. அடுத்து 'மேவிஸ் டன்' என்று பெயர் வந்ததும் ஒரே அமைதியாம். நான் எதை வாசிப்பேன் என்று அந்தக் கப்பலில் தெரியாதவர் யார்? சமையற்காரர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாராம்.

ஒரு கிழவர், "கிளிஃபோர்ட், இன்னைக்கு நாம கிளம்பின நாள். உன் பொண்டாட்டி பலகையைத் தேய்க்கப் போறாளாடா?" என்றாராம்.

"அவ தேய்க்க மாட்டா."

"அதான் பேரைச் சொல்றானே!"

"சொல்லட்டும். அவ தேய்க்க மாட்டா."

அப்போதுதான் அறிவிப்பாளர் 'சீஸ் துருவி' என்று சொல்லியிருக்கிறார். மேஜையில் குத்திக் குத்திச் சிரித்தார்களாம். மேலே நின்ற கேப்டன் என்னவோ உடைந்துவிட்டது என்று கீழே ஓடிவந்தாராம். அந்தப் பயணம் முழுக்கச் சமையலறைத் துருவி வேலை செய்யவில்லை, ஆளாளுக்கு எடுத்துப் போய் வாசித்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "பாட்டு முடியறதுக்குள்ள நான் மேல போயிட்டேன். காத்துல கண்ணு கலங்கிடுச்சு." காற்று அப்படித்தான்.

இந்த வீட்டில் இப்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை, நெவில். அவர் மாடியில் குறட்டை விடுகிறார். நான் வாசித்ததை நாடு கேட்டது, அவரும் கேட்டார், கேட்குமுன்பே நம்பினார். அன்று பெல்லமி ரெக்கார்டு போடக் கேட்டாரே, வருகிறேன் என்று அவரிடம் சொல். கிளிஃபோர்ட் பத்தாம் தேதி மறுபடி கிளம்புகிறார். அதற்கு அடுத்த வாரம் எந்த நாளானாலும் சரி, பலகையோடு வருகிறேன்.

உன் அத்தான் உன்னை விசாரித்தார். உன் குரல் பரவாயில்லையாம். அவர் வாயில் அதற்கு மேல் வராது.

மேவிஸ்


லண்டன்
ஏப்ரல் 10

அன்புள்ள மேவிஸ்,

மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய அரங்கு, வெளியே கூட்டம் காலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பெர்சி கோலுக்குச் சுண்ணக்கட்டி தேய்க்கிறான், எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

பெல்லமி இருபதாம் தேதி என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கு எழுதவேண்டிய விஷயம் அது மட்டும்தான். ஆனால் காலையில் ஒன்று நடந்தது.

என்னிடம் மேடைக்கு என்று ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான். நேற்று அதில் குழம்பைக் கொட்டிக்கொண்டேன், மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு. காலையில் கீழே இறங்கிப் போனால் வீட்டுக்கார அம்மா, மிஸஸ் பிண்டர், பாவம், நல்ல மனுஷி, நான் கேட்காமலே அதை வாளிக்குள் முக்கப்போகிறாள். நான் படியிலிருந்து குதித்து அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? சாயங்காலம் மேடை ஏறணும்னு நீதானே சொன்னே?" என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம். எங்க அக்கா புருஷன் இன்னைக்குக் கடலுக்குப் போறார்" என்றேன்.

"அவர் கடலுக்குப் போறதுக்கும் என் வாளிக்கும் என்ன சம்பந்தம்?"

நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன், மேவிஸ். ஒரு சம்பந்தமும் இல்லை.

கூப்பிடுகிறார்கள். கறைச் சட்டையோடுதான் போகிறேன்.

நெவில்